சிவப்பணுவுக்குள் ஒரு குடித்தனம்

பூனைக்குக் காய்ச்சல் இல்லை. சாப்பாட்டில் குறை இல்லை. சோபாவைப் பிறாண்டுவதிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் அதன் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கலாம். பார்டோனெல்லா ஹென்செலே என்ற அந்தக் கிருமி பெரும்பாலும் பூனையைத் தொந்தரவு செய்வதில்லை. பூனையிடம் பிறாண்டல் வாங்கிய மனிதருக்குத்தான் நெறி கட்டும், காய்ச்சல் வரும்.

பாரிஸ் மருத்துவர் ராபர்ட் டெப்ரே இந்த நோயை 1950-லேயே விவரித்துவிட்டார். கிருமிதான் அகப்படவில்லை. ஒரு நோயாளியின் நெறியிலிருந்து சீழை எடுத்துச் சூடாக்கி, நோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் இன்னொருவர் தோலில் ஏற்றித் தடிக்கிறதா என்று பார்ப்பதுதான் நெடுநாள் வரை பரிசோதனை. இன்று எந்த மருத்துவரும் இதற்குத் துணிய மாட்டார். 1983-இல் அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிலையத்தில் வெள்ளிச் சாயம் ஏற்றிய திசுவில் குச்சி வடிவக் கிருமிகள் தெரிந்தன. 1988-இல் வளர்த்தும் காட்டினார்கள். ஆனால் வளர்ந்தது வேறு ஆள்! நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தால் அஃபிபியா என்று பிறகு அழைக்கப்பட்ட அந்த பாக்டீரியா குற்றவாளி அல்ல என்பது தெளிய மேலும் சில ஆண்டுகள் ஆயின.

உண்மையான கிருமியைத் தனியே பிரித்ததில் ஓக்லஹோமா ஆய்வகத் தொழில்நுட்பர் டயேன் ஹென்சலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1992-இல் அவர் பெயரையே கிருமிக்குச் சூட்டினார்கள். விருதுகள் எப்போதும் பேராசிரியர்களுக்கே போகும் உலகில் இது அபூர்வம்.

சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 1994-இல் பூனைகளின் பக்கம் திரும்பினார்கள். இதே கிருமியால் தோலில் கட்டிகள் வந்த நான்கு நோயாளிகளோடு பழகிய ஏழு பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏழிலும் கிருமி! அந்த வட்டாரத்தின் வேறு 61 பூனைகளைச் சோதித்தபோது 25-இல் அது இருந்தது.

இவ்வளவு பரவலான கிருமி ஏன் இத்தனை காலம் தப்பியது? அது சிவப்பணுவுக்குள் குடித்தனம் நடத்துகிறது. வளர்ச்சியோ ஆமை வேகம். மருத்துவமனைகளின் தானியங்கி ரத்த வளர்ப்புக் கருவி, பாக்டீரியா வெளிவிடும் கரியமில வாயுவை வைத்துத்தான் எச்சரிக்கை மணி அடிக்கும். பார்டோனெல்லா விடும் வாயு பெரும்பாலும் அதற்கு எட்டுவதில்லை. எனவே முதலில் சிவப்பணுவை உடைக்க வேண்டும். சபோனின் கலந்த குழாயில் ரத்தத்தை எடுக்கலாம். அல்லது ரத்தத்தை உறையவைத்து உருக்கலாம். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, அடியில் படிந்ததை ரத்த அகார் தட்டில் பூசி, 35 டிகிரியில், கரியமில வாயு கூடிய பெட்டியில் வைக்க வேண்டும். சாதாரணக் கிருமிகள் ஓரிரு நாளில் முளைத்துவிடும். இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே தட்டைக் குப்பையில் போடும் ஆய்வகத்துக்கு இது சிக்காது.

சுலபமான வழி ஆன்டிபாடி பரிசோதனை. ஆனால் அது சொல்வது பழைய கதை: பூனை எப்போதோ இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது, அவ்வளவே. இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்றால் அதற்குத் தெரியாது. பிசிஆர் கிருமியின் டிஎன்ஏவையே தேடுவதால் ஓரிரு நாளில் பதில் தரும். அதிலும் ஒரு சிக்கல். கிருமி மாதக்கணக்கில் ரத்தத்தில் தலைகாட்டுவதும் மறைவதுமாக இருக்கும். மறைந்திருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் ‘இல்லை’ என்றே வரும். அதனால்தான் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பிரைட்ஷ்வெர்ட் குழுவினர், பூச்சி செல் வளர்க்கும் ஊடகத்தை மாற்றியமைத்து, அதில் ரத்தத்தைச் சில நாள் வைத்துக் கிருமியைப் பெருக்கி, அதன் பிறகு பிசிஆர் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். செலவும் காத்திருப்பும் கூடும். சொற்பமாக இருக்கும் கிருமியும் அகப்படும் வாய்ப்பு கூடுவதால் பலன் உண்டு.

நலமாக இருக்கும் வீட்டுப் பூனைக்கு இவை எதுவும் தேவையில்லை. ரத்த தானம் செய்யும் பூனைக்கும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர் வாழும் வீட்டுப் பூனைக்கும்தான் அவசியம். மற்றவர்கள் அந்தப் பணத்தில், கிருமியைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து வாங்கலாம். 1996-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில், தொற்றுள்ள பூனைகளின் தெள்ளுப்பூச்சிகளை உடலில் விட்ட ஐந்து குட்டிகளுக்கும் தொற்று வந்தது. தெள்ளுப்பூச்சி இல்லாமல், தொற்றுள்ள பூனைகளோடு ஒரே இடத்தில் வளர்ந்த குட்டிகளுக்கு வரவில்லை.