காட்டில் யானை, ஆற்றடியில் திருக்கை

கம்போடியாவின் ஸ்துங் திரெங் மாகாணத்தில், மேகாங் ஆற்றில் 2022 ஜூன் மாதம் ஒரு பெண் திருக்கை தூண்டிலில் சிக்கியது. அதைக் கரையேற்றப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தது. எடை 300 கிலோ, வாலோடு சேர்த்து நீளம் 3.98 மீட்டர், அகலம் 2.2 மீட்டர். முறையாக எடை போட்டுப் பதிவான நன்னீர் மீன்களில் இதுவே மிகப் பெரியது. அதுவரை, 2005இல் தாய்லாந்தில் பிடிபட்ட 293 கிலோ கெளிறுதான் முதலிடத்தில் இருந்தது.

அதே கம்போடியாவின் காடுகளில் ஆசிய யானையும் திரிகிறது. வளர்ந்த களிறு நான்கு டன்னைத் தொடும். அதற்கு முன்னால் 300 கிலோ என்பது பிறந்த யானைக்கன்றுகள் மூன்றின் எடைதான். ஒன்று கனத்த எலும்புகள் தாங்கும் பாலூட்டி; மற்றது எலும்பே இல்லாத, குருத்தெலும்பு மீன். ஆனாலும் இரண்டும் வாழும் விதத்தில் வியப்பூட்டும் ஒற்றுமைகள் உண்டு.

முதலில் மூச்சு. ஆழமான ஆற்றை நீந்திக் கடக்கும் யானை, உடல் முழுக்க மூழ்கினாலும் துதிக்கை நுனியை நீருக்கு மேலே நீட்டிக்கொள்ளும். திருக்கைக்கோ வாயும் செவுள்களும் வயிற்றுப் பக்கம் இருக்கின்றன. மணலில் புதைந்து கிடக்கும்போது வாய்வழியே நீரை இழுத்தால் சேறும் சேர்ந்து வரும். அதனால் கண்களுக்குப் பின்னுள்ள இரண்டு துளைகள் வழியே, மேலிருந்து தெளிந்த நீரை இழுத்துச் செவுள்களுக்கு அனுப்புகிறது.

அடுத்தது, மனிதருக்கு எட்டாத புலன். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்கியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்ற ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். நம் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது அதன்பிறகே தெரியவந்தது. திருக்கை பேசுவதில்லை, ஆனால் இரையின் தசைகளில் எழும் மெல்லிய மின்சாரத்தை உணரும். அதன் தலைப்பகுதியில் கூழ் நிரம்பிய நுண்துளைகள் இருக்கின்றன. கலங்கிய நீரிலும் நண்டையும் மீனையும் கண்டுபிடிக்க அவை போதும்.

தாய்மையிலும் இரண்டும் நெருங்கி வருகின்றன. யானை 18 முதல் 22 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே கன்றை ஈனும். திருக்கையும் முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை. வயிற்றுக்குள் வளரும் குஞ்சுகளுக்குக் கருப்பையே பால்போன்ற சத்துநீரைச் சுரந்து ஊட்டுகிறது. அப்படிப் பிறப்பவையும் ஒரு சிலவே.

இப்படிக் குறைவாகப் பெற்று நன்றாக வளர்க்கும் உயிர்களுக்கு ஒவ்வொரு தாயும் பெரும் முதல். ஒன்றை இழந்தால் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். காடு சுருங்குவதால் யானையும், அணைகளாலும் மீன்பிடியாலும் திருக்கையும் இன்று அழிவின் விளிம்பை நெருங்குகின்றன. உலகச் செம்பட்டியலில் இரண்டும் ஒரே நிலையில் இருக்கின்றன.

அன்று பிடிபட்ட திருக்கைக்கு, முழுநிலவைக் குறிக்கும் கெமர் சொல்லால் 'போராமி' என்று பெயரிட்டார்கள். அதன் நடமாட்டத்தை அறிய ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தி, உயிரோடு மேகாங்கிலேயே விட்டுவிட்டார்கள்.