கட்டாயமும் அளவுச்சொல்லும்: பார்க்கன் வாய்பாடு

பரிசுச்சீட்டுக் குலுக்கலில் ‘ஒருவர் கட்டாயம் வெல்வார்’ என்பதும் ‘கட்டாயம் வெல்பவர் ஒருவர் உண்டு’ என்பதும் ஒன்றல்ல. முன்னது குலுக்கலின் விதி. பின்னது மோசடிக் குற்றச்சாட்டு. முன்னதில் ‘ஒருவர்’ என்னும் அளவுச்சொல் ‘கட்டாயம்’ என்பதன் ஆளுகைக்குள் அடங்குகிறது. வினையாலணையும் பெயர் அமைந்த பின்னதில் அது வெளியே நிற்கிறது. சொல்வரிசையை மட்டும் நோக்குவோர்க்கு இது புலப்படாது.

இவ்வாளுகையை எப்போது மாற்றலாம் என்பது, கட்டாயத்தையும் இயலுமையையும் அளவுச்சொற்களோடு இணைத்து ஆராயும் அளவையியலின் மையச் சிக்கல்களுள் ஒன்று. ஒரு தன்மையுடைய பொருள் இருக்கக்கூடும் எனின், அத்தன்மையைப் பெறக்கூடிய பொருள் ஒன்று உண்டு என்பதை ரூத் பார்க்கன் 1946இல் அடிகோளாகவே வைத்தார். மொழி வழக்கு இதற்கு எளிதில் இணங்குவதில்லை. மகப்பேறற்ற இணையர்க்கு மகள் ஒருத்தி பிறந்திருக்கக்கூடும். அம்மகளாக இருந்திருக்கக்கூடியவர் என உலகில் எவரைச் சுட்டுவது?

இதன் மறுதலைக்கு அடிகோளும் வேண்டா. வழக்கமான விதிகளே அதனை ஈன்றுவிடுகின்றன. ‘எல்லாம் இத்தன்மையின எனின், இதுவும் இத்தன்மையது’ என்பது அளவுச்சொல் விதி. தேற்றமெல்லாம் கட்டாய உண்மை ஆதலின் அதன்முன் ‘கட்டாயம்’ சேரும். பின் இரு உறுப்புகளுக்கும் பகிரப்படும். ‘இது’ எதுவாகவும் இருக்கலாம் ஆதலின் ‘ஒவ்வொன்றும்’ எனப் பொதுமையாக்கலாம். நான்கே படிகள். விளைவோ வியப்புக்குரியது: எல்லாம் உள்ளவையே என்பது கட்டாயம், ஆகவே ஒவ்வொன்றும் கட்டாயம் உள்ளது! நேற்று நட்ட செடியும் இல்லாதிருக்க இயலாததாகிறது.

எஸ்5 என்னும் முறைமையில் பார்க்கன் வாய்பாட்டையும் நிறுவலாம் என 1956இல் ஆர்தர் பிரயர் காட்டினார். இவ்விரு நிறுவல்களிலும் ஒளிந்திருந்த இடர் எது என்பதை 1963இல் சால் கிரிப்கி விளக்கினார். ‘இது’ எனச் சுட்டப்படும் பொருள் ஈண்டு உளது. மாற்று நிலையொன்றில் இல்லாது போகலாம். எனவே கட்டற்ற மாறியுடைய வாய்பாட்டைத் தேற்றமாகக் கொள்ளலாகாது; ‘ஒவ்வொன்றுக்கும்’ என மூடிய பின்னரே ‘கட்டாயம்’ சேர்க்கலாம் என்றார். அவர்தம் மாதிரிகளில், ஒரு நிலையிலிருந்து மாற்று நிலைக்குச் செல்லுங்கால் பொருட்களம் பெருகாதெனின் பார்க்கன் வாய்பாடு செல்லும். குறையாதெனின் மறுதலை செல்லும்.

குலுக்கல் தொடர்களின் நிலை வேறு. முன்னதைப் பின்னதாகப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விரு வாய்பாடுகளும் துணைநில்லா. பொருட்களம் சற்றும் மாறாதிருப்பினும் அம்மாற்றம் செல்லாது.