ரோம் படை போனதும் ஊர் காலியாச்சா? 14 ஈயத் துண்டுகளும் ஒரு கல்லறைக் கல்லும் சொல்லும் கதை

பார்த்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டிய ஈயத் துண்டுகள். மொத்தம் 14. ஆனால் இங்கிலாந்தின் வட கோடியில், ஹாட்ரியன் சுவரை ஒட்டிய விண்டோலாண்டா ரோமானியக் கோட்டையில் கிடைத்த இந்தத் துண்டுகள், 2020 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டதுமே பெரிய செய்தி ஆனது.

காரணம், இது கிறிஸ்தவர்கள் திருவிருந்துக்குப் பயன்படுத்திய கிண்ணம். கிடைத்த இடம், இடிந்து விழுந்த 6-ஆம் நூற்றாண்டு தேவாலயத்தின் இடிபாடுகளுக்கு அடியில். உள்ளேயும் வெளியேயும் சிலுவை, மீன், கப்பல், தேவதூதர் என்று கீறித் தள்ளியிருக்கிறார்கள். வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. சிறப்பு முறையில் படம் எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். லத்தீன், கிரேக்க எழுத்துகளும் இருக்கின்றன.

சரி, இதுல என்ன பெரிய விஷயம்?

பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்தது கி.பி. 410 வாக்கில். சம்பளம் நின்றது, படை போனது, கோட்டைகள் பாழடைந்தன என்பதுதான் பலரும் பள்ளியில் படித்த கதை. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்தும் அதே கோட்டைச் சுவர்களுக்குள் ஒரு தேவாலயம் இருந்திருக்கிறது. போனது பேரரசு, ஜனங்க இல்ல.

இதே ஊரில் 1997-ல் ஒரு ரோமானியக் கல்லறைக் கல் கிடைத்தது. துங்ரியப் படைப்பிரிவில் இருந்த ஒரு நூற்றுவர் தலைவர், "போரில் கொல்லப்பட்டார்" என்கிறது அது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அதை எடுத்து வேறொரு கட்டடத்தில் சாதாரணக் கல்லாகப் பதித்துவிட்டார்கள்! செத்தவர் யாரென்று நினைவில் வைத்திருக்க ஆள் இல்லை போல.

அதைவிட சுவாரஸ்யம், 1878-லேயே கிடைத்த இன்னொரு கல். ரோமானியர் போனபின் வந்தது. அதில் இருக்கும் பெயர் பிரிகோமாக்லோஸ். அக்மார்க் உள்ளூர் கெல்டிக் பெயர். ஆனால் வாசகம் லத்தீன்: "ஹிக் யாகித்", அதாவது 'இங்கே துயில்கிறார்'. அந்தக் காலக் கிறிஸ்தவக் கல்லறைகளில் அடிக்கடி வரும் வாசகம்.

இலக்கணப்படி அது 'யாகெத்' என்று இருக்க வேண்டும். வாத்தியார் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். ஆனால் ஊர் ஜனங்கள் வாயில் லத்தீன் அப்படித்தான் புழங்கியது. பேசின மாதிரியே கல்லிலும் செதுக்கிவிட்டார்கள்.