மலையேறிய சக்கரப் பை

கோவை விமான நிலையத்தின் பளிங்குத் தரையில் சுண்டுவிரலால் இழுத்தாலும் ஓசையின்றி ஓடிவந்த பை, கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் சரிவில் இருபதடிக்கு ஒருமுறை நிற்கவைத்து மூச்சு வாங்கச் செய்தது என்று என் தம்பி மகள் சொன்னபோது, எந்தச் சாதனத்தையும் அது உழைக்க வேண்டிய இடத்திலேயே பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் அர்த்தம் எனக்கு நன்றாக விளங்கியது.

சென்னையில் படிக்கும் அவள் பௌலிங் விளையாட்டில் ஈடுபாடு கொண்டவள்; அந்தப் பை அவளுடைய பௌலிங் பந்துகளுக்கானது. கிரிக்கெட்டில் பந்து வீசுவதோடு இதைச் சேர்த்து எண்ணிவிடலாகாது. ஆட்டக்காரர் நிற்கும் கோட்டிலிருந்து 60 அடி தொலைவில் முக்கோணமாக நிறுத்திய 10 கட்டைகளைக் கனத்த பந்தை உருட்டி வீழ்த்தும் விளையாட்டு இது. சென்னையைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் பலமுறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்ற துறை என்றால், தமிழ்நாட்டுக்கும் இதில் உரிய இடம் உண்டென்பது தெரியவரும்.

சுமார் எட்டரை அங்குல விட்டமுள்ள இந்தப் பந்து, விதிப்படி 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.26 கிலோ வரை கனக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள், வளைந்து சென்று கட்டைகளைத் தாக்க ஒரு பந்தும், எஞ்சி நிற்பவற்றை வீழ்த்த நேராக ஓடும் இன்னொரு பந்துமாக இரண்டையாவது உடன் வைத்திருப்பது வழக்கம். அவளுடைய பந்துகள் ஒவ்வொன்றும் 14 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 12.7 கிலோ. பை மட்டும் 4 கிலோ. உள்நாட்டு விமானங்களில் சாதாரணப் பயணச்சீட்டுக்குப் பொதுவாக 15 கிலோவே அனுமதி என்பதால், காலணியையும் துணிகளையும் கைப்பையில் வைத்துக்கொண்டால்கூட அந்த எல்லை கடந்துபோகிறது. ஆகவே இத்தகைய பையை வாங்குவோர் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் சொந்த எடையைத்தான்.

சக்கரப் பெட்டியின் சரித்திரமே வழவழப்பான தரையோடு சம்பந்தப்பட்டது. 1970-இல் அமெரிக்கரான பெர்னார்டு சாடோ பெட்டியின் அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்தி வாரால் இழுத்துப் பார்த்தார். 1972-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, பெட்டியை நிமிர்த்தி இரண்டு சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் வைத்தார். இருவருடைய யோசனையும் விமான நிலையத்துக்குப் பொருந்தியது. நம் ஊருக்கோ ரயிலே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குப் போகும் மலைரயில் கோத்தகிரியைத் தொடுவதில்லை. ஏறத்தாழ 33 கிலோமீட்டர் மலைச்சாலையில் பேருந்தேறி, இறங்கிய பின்பும் சரிவும் படிக்கட்டுமாக வீடு சேருகிற நமக்குச் சக்கரம் பாதி வழிக்குத்தான் துணை.

மறுநாள் காலை மழை விட்டதும், அந்தப் பையைப் பந்துகளோடு எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி ஏறினேன். பத்தடிக்கு ஓரடி உயரும் சாலையில், மொத்தம் 16.7 கிலோவாகும் சுமையின் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.7 கிலோ, உராய்வைத் தவிர்த்தே நம்மைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய இடையூறு சாலையில் பெயர்ந்து கிடந்த ஜல்லிக்கற்கள். பையின் சக்கரம் இரண்டங்குல விட்டமே உடையது. அரையங்குலக் கல்லின் மீது அதைக் கிடைமட்டமாக இழுத்து ஏற்றுவதற்கு வேண்டிய பலத்தில் பாதிகூட ஐந்தங்குலச் சக்கரத்துக்கு வேண்டாம் என்று கணக்குச் சொல்கிறது. விளையாட்டுக் கடைகளில் ஐந்தங்குல ரப்பர்ச் சக்கரம் வைத்த பைகளும் கிடைக்கின்றன. மலைவாசிகள் அவற்றையே கேட்டு வாங்க வேண்டும்.

திரும்பி வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்த அடித்துணி படிக்கட்டில் உரசி உரசி நூல் நூலாகப் பிரிந்து, உள்ளிருந்த அட்டை தெரிந்தது. அந்த மூலைகளில் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை இருந்திருந்தால் இந்தச் சேதம் நேர்ந்திராது. தூக்குவதற்கான கைப்பிடியும் பையின் உச்சியில் ஒன்றுதான். பேருந்தின் டிக்கியில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டுமானால் பக்கவாட்டிலும் ஒன்று அவசியம். பாரம் எங்கே தங்குகிறது என்பதைத் தேயிலை பறிக்கும் நம் ஊர்ப் பெண்களிடம் கற்கலாம். இலைப் பையை முதுகோடு ஒட்டச் சுமப்பதால்தான் அவர்களால் சரிவில் நிதானமாக நடக்க முடிகிறது. அதுபோலப் பந்துகள் இரண்டும் அச்சுக்கு நேர்மேலே பக்கம் பக்கமாக அமர்ந்திருந்தால் இழுப்பவர் கையில் விழும் பாரம் மிகவும் குறையும்.

பனியும் மழையும் இந்தப் பரீட்சையில் சேர்ந்தவை. ஆட்டக்காரரின் காலணிகளில் ஒன்று, கடைசி அடியில் வழுக்கி நிற்பதற்காகவே அமைந்தது. அதன் அடிப்பாகம் ஈரமானால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள, ஆட்டக்காரர் தடுமாறி விழவும் கூடும். எனவே காலணிக்குத் தனி அறையும், நீர் புகாத ஜிப்பும் வேண்டும். பந்துக்கும் திடீர் வெப்பமாற்றம் ஆகாது. மேற்பரப்பில் வெடிப்பு காணக்கூடும். குளிர்ந்த கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்து வெயிலுக்கு இறங்குகிறவர்கள் கனத்த பஞ்சு வைத்த பையைத் தேர்ந்து, அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாமல் இருப்பது நல்லது.

"அடுத்த பையை எப்படிப் பார்த்து வாங்குவது, பெரியப்பா?" என்று அவள் கேட்டாள். காலிப் பையைக் கடைத்தரையில் இழுத்துப் பார்ப்பதால் பிரயோஜனமில்லை. பத்துக் கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றையும் ஐந்து கிலோ ஒன்றையும் உள்ளே வைத்து, கடைவாசல் படியில் மூன்றுமுறை ஏற்றி இறக்கிப் பார் என்றேன். ஊருக்குத் திரும்பும் அன்று, பிரிந்திருந்த மூலைகளில் தையல்காரர் வைத்துத் தைத்த பழைய டயர்த்துண்டோடு, அந்தப் பை சரிவில் அவளுக்கு முன்னே இறங்கிப் போனது.