தயிர்ச் சோறும் கடைவாய்ப் பல்லும்

நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நலமாக இருக்கும் நாய்க்கோ பூனைக்கோ தாங்க முடியாத வாய்நாற்றம் வராது. அது பக்கத்தில் வந்து கொட்டாவி விடும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம் என்றால், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கிருமிகள் குடியேறி வெகுநாளாகியிருக்கும். மூன்று வயதைக் கடந்த நாய், பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈறு நோயின் அறிகுறி ஏதாவது ஒன்று இருக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதில் நாம் தட்டில் வைக்கும் உணவுக்கும் பெரிய பங்கு உண்டு.

காறை எப்படிப் படிகிறது?

பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே அதன்மேல் கிருமிகள் சேர்ந்த மெல்லிய படலம் படியத் தொடங்கும். அப்போது துணியால் துடைத்தாலே போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் காறையாக இறுக ஆரம்பிக்கும். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்களுக்குச் சொத்தைப் பல் அதிகம் வருவதில்லை. ஆனால் காறை வேகமாகப் படிகிறது. இது ஈறுக்கு அடியில் இறங்கினால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், பிறகு பல் ஆடத் தொடங்கும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். பொமரேனியன், பக், ஷிட்சு போன்ற சின்ன இனங்களுக்கும் அதே 42தான். குட்டித் தாடையில் அத்தனையும் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்குகளில் அழுக்கு எளிதில் தங்கும். இவற்றை வளர்ப்பவர்கள் முதல் வயதிலிருந்தே கவனமாக இருக்க வேண்டும்.

தயிர்ச் சோறும் மேரி பிஸ்கட்டும்

நம் வீட்டு நாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் குழையப் பிசைந்த தயிர்ச் சோறு அல்லது பால் சோறு. போதாததற்கு டீ நேரத்தில் பிஸ்கட். எல்லாமே பாசத்தோடு கொடுப்பவைதான். ஆனால் மெல்லுவதற்கு இவற்றில் எதுவும் இல்லை. சோற்றை நாய் நக்கி விழுங்கிவிடுகிறது. பிஸ்கட் எச்சிலில் ஊறி மாவாகி, கடைவாய்ப் பல்லில் அப்பிக்கொள்கிறது.

சோறே ஆகாது என்பதல்ல. குழைக்காமல் கொடுங்கள். எலும்பு நீக்கி வேகவைத்த கோழியைப் பொடியாகப் பிய்த்துப் போடாமல், கடித்து மென்றே தீரவேண்டிய துண்டுகளாக வையுங்கள். பிஸ்கட்டை நிறுத்திவிடலாம்; அந்த இடத்துக்கு ஒரு துண்டு கேரட்டோ வெள்ளரியோ போதும். கேரட் காறையைப் பெயர்த்துவிடாது. ஆனால் பல்லில் ஒட்டாது, மெல்லும் பழக்கத்தையும் கொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் குறையும். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். குறையை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். தாடை எலும்பு அதில் வெகுவாகப் பாதிக்கப்படும். வளரும் குட்டிகளுக்கு இது பெரிய ஆபத்து. வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால், எவ்வளவு கால்சியம் சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுச் சேர்ப்பது கட்டாயம்.

உலர் தீவனம் போட்டால் போதுமா?

கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். சாதாரண உலர் தீவனம் பல்லின் நுனி பட்டவுடனே நொறுங்கிவிடுகிறது. காறை படிவதோ ஈறை ஒட்டிய அடிப்பகுதியில். பல் நலத்துக்கென்றே செய்த தீவனம் வேறு மாதிரி இருக்கும். அதன் உருண்டைகள் பெரியவை, நார்ச்சத்து ஒரே சீராகப் பின்னியவை. பல் உள்ளே இறங்கும்வரை உடையாமல் நின்று, பல்லின் பக்கங்களை உரசித் துடைக்கும். சிலவற்றில் எச்சிலின் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பாலிபாஸ்பேட் உப்புகளும் சேர்க்கிறார்கள். படலம் காறையாக இறுகுவதை அது தாமதப்படுத்தும். வாங்கும்போது வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படலத்தையோ காறையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருள்களுக்கு மட்டும் அமெரிக்காவில் கொடுக்கப்படும் முத்திரை அது.

எலும்பு

கறிக்கடை எலும்பு பல்லைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை விடாப்பிடியாக இருக்கிறது. கடிக்கும்போது ஓரளவு காறை உதிரும், உண்மைதான். ஆனால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் அதே கடியில் பிளந்துபோகலாம். வெந்த எலும்போ கூராகச் சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் பதியாத எதுவும் நாய்க்கு மெல்லக் கொடுக்கத்தக்கதல்ல. மான்கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் இதில் அடங்கும். கோடையில் மாங்கொட்டையை வீசுகிறவர்கள் உண்டு. அது குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

பூனையும் முயலும்

பூனைக்கு 30 பற்கள். சிறிய உருண்டைகளை மெல்லாமல் அப்படியே விழுங்கும் பூனைகள் நிறைய. பெரிய உருண்டை கொடுத்தால் கடித்தே ஆகும். மீன் சோறு மட்டும் போதாது, டாரின் சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பூனைகளுக்குப் பல்லே உள்ளுக்குள் அரித்துக் கரையும் நோய் ஒன்று உண்டு. அதை எந்த உணவாலும் தடுக்க முடியாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

உணவாலேயே பல் பிழைக்கிற பிராணி முயல்தான். அதன் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் நிறைந்த புல்லை நாளெல்லாம் பக்கவாட்டில் அரைத்து மெல்லுவதால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. கேரட்டும் முட்டைகோஸுமாகக் கொடுத்தால் கடைவாய்ப் பல் முள்போல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முயல் பசியிருந்தும் தின்னாது. உலர்ந்த புல்லும் அருகம்புல்லும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

உணவு எட்டாத இடம்

ஏற்கெனவே இறுகிய காறையை எந்த உணவும் கரைக்காது. மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சேர்த்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும். உணவின் வேலை அதற்குப் பிறகுதான் பலன் தரும், அதுவும் தினமும் பல் துலக்கினால். பிராணிகளுக்கான பற்பசையையே பயன்படுத்துங்கள். நம் பற்பசை சிலவற்றிலும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலும் இருக்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தி உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஒரு பக்கமாகவே மெல்லுவது, வாயிலிருந்து உணவு நழுவி விழுவது, எச்சில் வடிவது, கண்ணுக்குக் கீழே திடீரென வீங்குவது ஆகியவற்றைப் பார்த்தால் தாமதிக்க வேண்டாம். அந்த வீக்கத்தைப் பலர் கண் நோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுகிறார்கள். பெரும்பாலும் அது மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சேர்ந்த சீழ்.