புதைந்த பனிப்பூ

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் நண்பர்களோடு ஜனவரியில் இமாச்சலில் மலையேறப் போகிறானாம். “சினிமாவில் வருவதுபோல் சத்தம் போட்டால் பனி சரியுமா? வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லட்டுமா?”

தாராளமாகக் கத்தட்டும், அம்மா. பனியை அசைக்கிற வலு மனிதக் குரலுக்குக் கிடையாது. அசைப்பது கால். பனிமலையில் நடக்கப் போய்ச் சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களே, அல்லது கூட வந்தவர்.

பனிச்சரிவு என்றதும் உருண்டு பெருக்கும் பந்துதான் நம் நினைவுக்கு வரும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் பலகை. காற்றடித்து இறுகிய பனி ஒரே பலகையாக மலையில் சாய்ந்து படுத்திருக்கும். அதற்கடியில் நோஞ்சான் அடுக்கு ஒன்று இருந்தால் போதும். எங்கள் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒருமுறை கடுகு டப்பா கவிழ்ந்துவிட்டது. யாரோ பார்க்காமல் அதன்மேல் பாயை விரித்துவிட்டார்கள். அடுத்து வந்தவர் சித்தப்பா. பாயும் அவருமாக முற்றத்தில் போய்த்தான் நின்றார்கள்.

மலையில் அந்தக் கடுகு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி.

ஒரு ஜனவரி விடியலில் ஊட்டி தலைக்குந்தாவில் நின்றிருக்கிறேன். புல்வெளி முழுக்க வெள்ளை. குனிந்து பார்த்தால் புல் நுனிதோறும் கண்ணாடி இறகுகள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகாமல் நேரே பனிக்கட்டியாக அதன்மேல் முளைக்கிறது. வெயில் ஏறினால் அங்கே கதை முடிந்தது. (தேயிலைக்காரர்களுக்கு முடியாது, கொழுந்து கருகியிருக்கும்.)

பனிமலையில் இதே பூ பனியின்மேலேயே பூக்கிறது. வெயில் படாத பக்கங்களில் பகலிலும் கரையாது. அது நிற்கும்போதே அடுத்த பனி மெல்லப் பெய்து மூடிவிட்டால், இறகுகள் ஒன்றோடொன்று பிணையாமல், மேலே பலகையைச் சுமந்தபடி வாரக்கணக்கில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் வழவழவென்று அழகான வெள்ளை. ஓர் ஆள் கால் வைத்ததும் ஓரிடத்தில் நொறுங்கி, பக்கத்து இறகுக்குத் தொற்றி, கண் மூடித் திறப்பதற்குள் சரிவு முழுக்கப் பரவிவிடும். ‘வும்ப்’ என்று காலடியில் ஒரு சத்தம் கேட்கும். பயப்பட வேண்டிய சத்தம் அதுதான். அடிவாரத்துச் சமதரையில் கால் வைத்து, தலைக்குமேல் இருந்த பனியை இறக்கிக்கொண்டவர்களும் உண்டு.

ஆபத்தான சாய்வு 30 முதல் 45 டிகிரி. அதாவது, நம் வீட்டு மாடிப்படி மாதிரி. ரொம்பச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் நடக்குமுன் குழி வெட்டி, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணைச் செதுக்கி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. பலாப்பழம் வாங்குகிறவர்களின் அதே முகபாவம். எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில், எப்படி நறுக்கென்று உடைகிறது என்பதில் பாடம் இருக்கிறது.

ஓடி நின்ற பனி சிமெண்டாய் இறுகும். விரலைக்கூட அசைக்க முடியாது. கால் மணிக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அதன்பின் மூச்சுத் திணறி மளமளவென்று குறைகிறார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19-ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்துப் பேர் புதைந்தபோது, அவர்களில் ஹனுமந்தப்பா என்ற வீரர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தது அபூர்வத்திலும் அபூர்வம். அவரும் சில நாளில் போய்விட்டார். கால் மணிக்குள் வெளியூரிலிருந்து யாரும் வரமுடியாது. கூட நடப்பவர்தான் தோண்ட வேண்டும். அதற்கு, புதைந்தவர் இருக்கும் திசையைக் காட்டும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்க ஊசிக்கம்பு, தோண்ட மண்வாரி, மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். ஆனால் சுற்றுலாக் கடைகளில் ஜாக்கெட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கும். டிரான்ஸீவர் கேட்டால் விழிப்பார்கள். எனக்கு அப்படி விழித்த ஒருவர் கடைசியில் கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

2023 ஏப்ரலில் சிக்கிமின் நாதுலா சாலையில் பயணிகள் ஏழு பேர் பனியில் இறந்தார்கள். அன்று அனுமதிச் சீட்டு 13-ஆம் மைல்வரைதான். சரிவு விழுந்தது 15-ஆம் மைலில்.

மகனை, அங்கே தங்கும் இரவுகளில் வானத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் கொட்டிக் கிடந்து, காலையில் பனிமேல் இறகுகள் மின்னி, மறுநாள் திரும்பவும் பனி பெய்திருந்தால், புறப்படுமுன் அந்தப் பலாப்பழத்தைத் தட்டிக் காட்டச் சொல்லி வழிகாட்டியைக் கேட்கட்டும்.