இதயமும் குருதிச் சுற்றோட்டமும்

தாயின் கருவில் ஒரு திங்கள் நிறைவதற்கு முன்னரே மனித இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அன்று தொடங்கிய துடிப்பு இறுதி மூச்சு வரையில் ஓய்வதில்லை. கைமுட்டியளவே பருமனுள்ள இத்தசையுறுப்பு, நெஞ்சறையில் இரண்டு சுவாசப்பைகளுக்கும் இடையே, சற்று இடப்புறம் சாய்ந்து அமைந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் அஃது ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. இத்துணை உழைப்பும் எதற்காக? உடலிலுள்ள கலங்களுக்கெல்லாம் உணவையும் ஒட்சிசனையும் கொண்டு சேர்ப்பதற்கும், அங்கு உண்டாகும் கழிவுகளை அகற்றுவதற்குமேயாம். இதனை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், குருதி உடலில் எவ்வாறு செல்கிறது என்னும் வினாவுக்குச் சரியான விடை காண மனித குலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழ் பெற்று விளங்கிய கிரேக்க வைத்தியர் கேலன், உண்ட உணவு ஈரலிலே குருதியாக மாறுகிறது என்றும், அங்கிருந்து அவயவங்களுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்றும் கருதினார். தோட்டக் கிணற்றிலிருந்து துலாவினால் இறைக்கப்படும் நீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்திகளிற் பாய்கிறது. மண் அதனைச் சுவறிவிடுகிறது. பாய்ந்த நீர் கிணற்றுக்குத் திரும்புவதில்லை. குருதியின் ஓட்டமும் இத்தகையதே என்பது கேலனின் கொள்கை. இதயத்தின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கும் சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத துளைகள் உண்டு என்றும் அவர் கூறினார். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த அறிஞர் இப்னு அந்நபீசு, அச்சுவரிலே துளையேதும் இல்லை, வலப்பக்கத்துக் குருதி சுவாசப்பைகளினூடாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று தெளிவாக எழுதிவைத்தார். எனினும் கேலனின் கொள்கையே ஐரோப்பாவில் மேலும் பல தலைமுறைகள் ஆட்சி செலுத்தியது.

இக்கொள்கையை அசைத்தவர் ஆங்கிலேய வைத்தியரான வில்லியம் ஹார்வி. 1578இல் பிறந்த இவர் இத்தாலியின் பதுவாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று 1602இற் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய ஆசிரியராக விளங்கிய பபிரிசியசு, நாளங்களின் உட்புறத்தில் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருப்பதை மாணவருக்குக் காட்டினார். ஆனால் அவற்றின் உண்மையான பயனை அவர் அறிந்தாரல்லர். ஹார்வி பல ஆண்டுகள் ஆராய்ந்து, தம் முடிவுகளை 1628இல் இலத்தீன் மொழியில் சிறு நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் உயிர்நாடியாக விளங்குவது ஓர் எளிய கணக்கு. அதன் போக்கைப் பின்வருமாறு விளக்கலாம். இதயம் ஒரு துடிப்பில் அரை அவுன்சுக் குருதியை மட்டுமே வெளியேற்றுகிறது என மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 72 துடிப்பானால், ஒரு மணி நேரத்தில் 2160 அவுன்சு, அதாவது 135 இறாத்தல் குருதி வெளியேற வேண்டும். இது வளர்ந்த ஒரு மனிதரின் முழு நிறைக்கு ஒப்பாகும்! ஒரு மணி நேரத்தில் இத்துணைக் குருதியை உண்டாக்குவதற்கு எவர்தாம் உணவு உண்ண இயலும்? அவ்வளவு குருதியையும் அவயவங்கள் எங்ஙனம் சுவற முடியும்? ஆகவே, சென்ற குருதியே மீண்டும் வருகிறது. அது வட்டமாகச் சுற்றி ஓடுகிறது என்பதைத் தவிர வேறு முடிவில்லை.

இம்முடிவைக் கைகளிலேயே சோதித்தும் காட்டினார் ஹார்வி. மேற்கையை மிக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் நாடித் துடிப்பு நின்று கை குளிர்ந்துபோகிறது. கட்டைச் சிறிது தளர்த்தினால், ஆழத்திலுள்ள நாடிகள் திறக்கின்றன. மேலோட்டமாகக் கிடக்கும் நாளங்களோ அடைபட்டே இருக்கின்றன. அப்பொழுது கட்டுக்குக் கீழே கை சிவந்து, நாளங்கள் புடைத்தெழுகின்றன. நாடிவழி வந்த குருதி நாளவழி திரும்ப இயலாமையே இதற்குக் காரணம். நாளங்களிலுள்ள வால்வுகள் இதயத்தை நோக்கி மட்டுமே வழி திறக்கின்றன என்பதையும், புடைத்த நாளத்தை விரலால் அழுத்தி அவர் மெய்ப்பித்தார்.

ஆனால் ஒரு கண்ணி மட்டும் அகப்படாமலே இருந்தது. நாடியின் முனையிலிருந்து நாளத்தின் தொடக்கத்துக்குக் குருதி எவ்வழியே செல்கிறது? ஹார்வி 1657இற் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1661இல், இத்தாலிய அறிஞர் மல்பீகி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கி, மயிரினும் மெல்லிய குழாய்கள் நாடியையும் நாளத்தையும் இணைப்பதைக் கண்டார். இவையே மயிர்த்துளைக் குழாய்கள். இவற்றின் சுவர் ஒரேயொரு கலத்தின் தடிப்புடையது. செங்குருதிக் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியே இவற்றினூடு செல்கின்றன. ஒட்சிசனும் உணவும் இழையங்களைச் சேர்வதும், கழிவு குருதியைச் சேர்வதும் இவ்விடத்திலேதான்.

இனி, குருதி செல்லும் பாதையைத் தொடர்ந்து நோக்குவோம். இதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலேயுள்ள இரண்டும் சோணையறைகள். கீழேயுள்ள இரண்டும் இதயவறைகள். உடலெங்குமிருந்து திரும்பும் குருதி வலது சோணையறையை அடைந்து, வலது இதயவறையில் இறங்கிச் சுவாசப்பைகளுக்குச் செல்கிறது. அங்கே காபனீரொட்சைட்டை விட்டு ஒட்சிசனை ஏற்று, செந்நிறம் பளிச்சிட இடது சோணையறைக்கு வருகிறது. பின்னர் இடது இதயவறையிலிருந்து பெருநாடி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்பப்படுகிறது. வலது இதயவறை அண்மையிலுள்ள சுவாசப்பைக்கு மட்டும் அனுப்புவது. இடது இதயவறையோ உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்புவது. ஆதலால் இடது அறையின் சுவர் மிகவும் தடித்தது. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்பும் அளவும் ஏறத்தாழ அதுவே. ஓடும்போதும் பாரம் சுமக்கும்போதும் அவ்வளவு பன்மடங்காகிறது.

வைத்தியர் நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்கும் இரட்டை ஒலி, இதய வால்வுகள் மூடிக்கொள்வதால் எழுவதாகும். வால்வு சரிவர மூடாவிடினும், சுருங்கிப்போயினும் அவ்வொலி மாறுபடும். சிறுவர்க்கு வரும் சிலவகைத் தொண்டை நோய்களை உரிய மருந்தின்றி விட்டுவிட்டால், பின்னர் வாதக் காய்ச்சல் தோன்றி இவ்வால்வுகளை நிரந்தரமாகப் பழுதாக்கக்கூடும். தொண்டை நோவுதானே என்று பெற்றோர் வாளாவிருத்தல் தகாது என்பது இதனாற் புலனாகும்.

உடல் உறங்கினாலும் இதயம் உறங்குவதில்லை என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மையே. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 செக்கன் ஆகிறது. அதில் இதயவறைகள் சுருங்கி உழைப்பது 0.3 செக்கன், எஞ்சிய 0.5 செக்கன் அவை தளர்ந்திருக்கின்றன. உழைப்பிலும் ஓய்வே மிகுதி! இவ்வோய்வும் வீணே கழிவதன்று. அறைகள் குருதியால் நிரம்புவதும், இதயத் தசை தனக்கு வேண்டிய உணவைப் பெரும்பாலும் பெற்றுக்கொள்வதும் இந்த நேரத்திலேதான்.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இதயத்தின் அறைகளினூடே நாள்தோறும் 7000 லீற்றருக்கு மேற்பட்ட குருதி பாய்கிறது. ஆயினும், அதன் தடித்த தசை அக்குருதியை நேரே பயன்படுத்திக்கொள்ள மாட்டாது. பெருநாடியின் அடியிலிருந்து கிளைக்கும் இரண்டு சிறு நாடிகளே அதற்கு உணவூட்டுகின்றன. மகுடம்போல இதயத்தைச் சூழ்ந்திருப்பதால் இவை முடியுருநாடிகள் எனப்படும். இவற்றின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகி, அவ்விடத்திற் குருதி உறைந்து அடைத்துக்கொள்ளுமாயின், அந்நாடியை நம்பியிருந்த தசைப்பகுதி பட்டினி கிடக்கிறது. இதுவே மாரடைப்பு. அடைப்பு நீங்காவிடின் ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசைக் கலங்கள் இறக்கத் தொடங்குகின்றன. இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அவ்விடத்தில் வடுவே எஞ்சுகிறது.

ஆகவே மாரடைப்பில் நேரமே உயிர். நடு நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன இதன் அறிகுறிகள். நீரிழிவு உடையவர்க்கும் முதியோர்க்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோவின்றியே களைப்பும் ஓங்காளமும் மட்டும் தோன்றுதல் உண்டு. இதனை வாய்வு என்று எண்ணி, இஞ்சியும் உள்ளியும் இடித்துக் குடித்து விடியும் வரை காத்திருந்தமையால் மாண்டவர் பலர். வைத்தியசாலையில் உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தும், அடைத்த நாடியைத் திறக்கும் சிகிச்சையும் இன்று உண்டு. ஆனால் அவை விரைந்து வந்தவர்க்கே முழுப் பயன் தரும். இலங்கையில் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

வருமுன் காப்பதும் பெரும்பாலும் நம் கையிலுள்ளதே. புகைத்தலை விடுதல், உப்பையும் கொழுப்பையும் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் காலந்தோறும் சோதித்துக் கட்டுப்படுத்தல் என்பன எல்லார்க்கும் ஏற்றவை. நடப்பதால் வேறொரு நன்மையும் உண்டு: கெண்டைக்காற் தசைகள் சுருங்குந்தோறும், நாளங்களிலுள்ள குருதி வால்வுகளின் துணையுடன் மேல்நோக்கித் தள்ளப்பட்டு இதயத்தை அடைகிறது. நடப்பவர் தம் இதயத்தின் சுமையிற் சிறு பங்கைத் தம் கால்களால் தாங்குகின்றார் எனலாம். சென்ற குருதி திரும்பி வந்தே தீர வேண்டும் என்று ஹார்வி கணக்கிட்டுக் கண்ட உண்மை, இன்றும் ஒவ்வொரு காலடியிலும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.